பாலை மரத்தில் இருந்த வீரர்

ஆஸ்பத்திரி நடைவழியில் என்னைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். கிழிந்த இடது கன்னத்தை அக்காவின் சால்வை மூடியிருந்தது. தலைமாட்டில் நின்ற அத்தான், அதாவது அக்காவின் கணவர், காவலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தடியால ரெண்டு போட்டன். திரும்பியும் பாக்காம ஓடிட்டுது."

கரடி என்னைக் கிழித்தபோது அவர் பாலை மரத்தின் உச்சியில் இருந்தார்.

நான் உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவள். பாலைப்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கந்தளாய்க்கு அப்பால் காட்டோரம் பழம் பொறுக்க அத்தான் எங்களைக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கறையான் புற்று, கரடி தோண்டியதுபோல், புதிதாகக் கிளறிக் கிடந்தது. அக்கா பயந்துவிட்டாள்.

"சத்தமாக் கதைச்சுக்கொண்டு போவமே?"

"விசரே உனக்கு? சத்தம் போட்டாத்தான் கரடி வரும். வந்தா மரத்தில ஏறுறதுதான். எனக்குக் காடு தெரியும்."

அவருக்குத் தெரிந்த காடு முழுவதும் கைத்தொலைபேசிக்குள் இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நடந்தோம். பற்றைக்குப் பின்னால் பழம் தின்றுகொண்டிருந்த கரடிக்கு நாங்கள் வருவது தெரியவில்லை. கிட்டப் போனதும் அது வெருண்டு எழுந்தது. அத்தான் மரத்துக்குத் தாவினார். நான் ஓடினேன். அது ஒரே பாய்ச்சலில் என்னைப் பிடித்துவிட்டது. அக்காதான் பழ வாளியைக் கல்லில் அடித்து அடித்துக் கத்தினாள். அந்தத் தகரச் சத்தத்துக்குத்தான் கரடி என்னை விட்டுவிட்டுப் போனது.

காயத்தைக் கழுவினார்கள். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியும், விசர்நோய்த் தடுப்பூசியும் (கடித்த விலங்கிடமிருந்து தொற்றக்கூடிய, வந்தால் பிழைக்க முடியாத நோய்க்கு எதிரானது) போட்டார்கள். பிறகு தோல் ஒட்டுச் சிகிச்சை (தொடையில் எடுத்த தோலைக் கன்னத்தில் பதிப்பது) நடந்தது. கன்னத்தின் உணர்வு நரம்புகள் அறுந்திருந்தன. உணர்வு திரும்பினாலும் மெதுவாகத்தான் திரும்பும் என்றார் டொக்டர்.

வாயோரம்வரை தையல் போட்டிருந்ததால் எனக்குப் பேச ஏலவில்லை. அது பார்க்க வந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இனி யார் இவளைக் கட்டுவான் என்று என் முகத்துக்கு நேரேயே கவலைப்பட்டார்கள். கரடியின் மூக்கில் குத்தியிருக்கலாம் என்று, முட்டுகிற மாட்டுக்கே வீதியை மாறும் ஒரு மாமா சொன்னார். அத்தானின் கதையில் கரடி நாளுக்கு நாள் கொழுத்தது. ஒரு பின்னேரம் டொக்டர் வந்து நின்றபோதும் அவர் நிறுத்தவில்லை.

"நான் மட்டும் இல்லாட்டி இவள் செத்திருப்பாள், டொக்டர்."

எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் மரத்திலயெல்லோ இருந்தனீங்கள். வாளி அடிச்சது நான்."

"ஏறினது... உதவிக்கு ஆள் தெரியுதோ எண்டு பாக்கத்தான்."

டொக்டர் சிரிக்கவில்லை. "பாலைப்பழத்துக்குக் கரடியே மரம் ஏறும், ஐயா. அது உங்களைத் தேடி வராதது உங்கட அதிர்ஷ்டம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கதைச்சுக்கொண்டு போறவையள நான் இஞ்ச காணுறது குறைவு, தங்கச்சி. கண்டா ஓடக்கூடாது, மெல்லப் பின்னுக்கு வரோணும். பாய்ஞ்சிட்டா குப்புறப் படுத்து, பிடரியில கையைக் கோத்து, முகத்தை மண்ணோட வைக்கோணும்."

காட்டோரம் போகிறவர்களே, என் கதையில் உங்களுக்குப் பயன்படுவது அந்த வார்த்தைகள்தான். 'எனக்குக் காடு தெரியும்' என்று தொடங்குகிறவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அத்தான் அதன்பிறகு வார்டுக்கு வரவில்லை. எங்கள் ஊரான சாம்பல்தீவில் இன்னமும் அவர்தான் கரடியை விரட்டியவர். கேட்கிறவர்களுக்கும் அந்தக் கதைதான் ருசிக்கிறது.

நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன். காயம் ஆறும்வரை பின்னறையில் இருக்கச் சொன்ன முதலாளியிடம், இதற்குமேல் ஆறாது என்றேன். எப்போது பழையபடி ஆவாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதையும் விட்டுவிட்டேன். என் வலக் கன்னம் இன்றைய நாளில் வாழ்கிறது. இடக் கன்னத்துக்கு நேரம் வேறு. வெயில், காற்று, தண்ணீர் ஒன்றும் அங்கே வந்து சேருவதில்லை.

போன கிழமை பின்னேரம் மேசையில் இருந்தபோது இடப்பக்கம் முதல்முறையாகச் சுருக்கென்றது. தொடாமல் கண்ணாடியில் பார்த்தேன். ஒட்டிய தோலின் விளிம்பில் ஒரு நுளம்பு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. கை தானாக எழுந்தது. இறக்கிக்கொண்டேன். அது குடித்து முடித்துப் பறக்கும்வரை அசையாமல் இருந்தேன்.