பாலத்துக்கு அடியிலும் மேலும் ஒரு நாள்

ஆற்றில் காசு போடப் போய், அதை மகளோடு வேலை செய்கிறவர் தலையில் போட்ட ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. என் மகள் சுமதி பழைய பாலங்களைச் சோதிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். ஸ்ரீரங்கம் பக்கம் ஓர் ஆற்றுப் பாலத்தைப் பழுதுபார்க்கவும், நிலநடுக்கம் வந்தாலும் தாங்கும்படி பலப்படுத்தவும் திட்டம் போடுவது இப்போது அவள் வேலை. “அப்பா, சாயந்திரம் ஊர்க்காரங்களோட கூட்டம். நான்தான் பேசணும். அவங்க ஒத்துக்கலைன்னா வேலை ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். வர்றீங்களா?” என்றாள். வையம்பட்டியில் மாவு மில் வைத்திருக்கும் பத்தாம் வகுப்புக்காரனை வேறு யார் கூட்டத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள்? மில்லை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். எந்தப் பாலம் என்று எழுதக் கூடாது என்பது மகளின் உத்தரவு. திருச்சியில் பாலத்துக்குப் பஞ்சமில்லை, நீங்களே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

வையம்பட்டியிலிருந்து திருச்சி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காலை ஆறரைக்கு ஏறினேன், எட்டு மணிக்குப் பஞ்சப்பூர் பஸ் நிலையம். அங்கிருந்து சத்திரம் பஸ் நிலையம், பிறகு ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். பாலத்தில் ஏறியதும், ஆற்றைக் கண்டால் நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல் கண்ணை மூடிக் கும்பிட்டு, ஐந்து ரூபாய்க் காசை ஜன்னல் வழியாக வீசினேன். கண்ணைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, கீழே வெறும் மணல்.

பாலத்தின் முடிவில் இறங்கி மணலுக்குள் நடந்தேன். சுமதியோடு வேலை செய்யும் அன்வர், மஞ்சள் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டே வரவேற்றார்.

“வாங்க சார். காலையிலேயே எனக்கு உண்டியல்ல விழுந்திருக்கு, பாருங்க” என்று காசைக் காட்டினார்.

நான் வானத்தைப் பார்த்தேன். சுமதி என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கதானே?”

“கண்ண மூடியிருந்தேன்மா.”

“தண்ணி இருக்கான்னு பாத்துட்டு மூடக் கூடாதா?”

“பரவால்ல மேடம்” என்றார் அன்வர். “ஹெல்மெட் நல்லா இருக்கான்னு அப்பா டெஸ்ட் பண்ணிட்டாரு.”

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரும்புச் சாரத்தில் ஏறித் தூணின் தலையைப் பார்த்தேன். பாலத்தின் தளம் தூணோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லையாம். நடுவில் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, அதன் மேல் தளம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. என் மில் பேரிங் சுற்றும், இது அசைந்து மட்டும் கொடுக்கும்.

“வெயில்ல தளம் நீளும்ப்பா, நகர இடம் வேணும். இது துருப்பிடிச்சு இறுகிப்போச்சு” என்றாள் சுமதி. “ஜாக்கி வச்சுத் தளத்தைத் தூக்கி, இதை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். பூமி ஆடினா தளம் தூணைவிட்டு நழுவாம இருக்க, ரெண்டு பக்கமும் கான்கிரீட்ல தடுப்பு கட்டணும்.”

“தூக்குறப்ப நீ எங்க இருப்ப?”

“இங்கதான்.”

மேலே ஒரு லாரி போனது. நான் சாரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்வர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.

கூட்டம் நான்கு மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். பாலத்தை முழுவதுமாக மூடிவிட்டு ஒரே கோடையில் வேலையை முடிப்பது சுமதியின் திட்டம். முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நெற்றியில் பளிச்சென்று திருமண்.

“ஏம்மா, நேக்கு எண்பது வயசாறது. இங்க பூகம்பம் வந்து பார்த்ததில்லை. பெருமாள் பள்ளிகொண்டிருக்கற க்ஷேத்ரம் இது.”

“பெருமாளுக்குப் பயம் இல்லைங்க மாமா. அவரைச் சேவிக்க பஸ்ல வர்றவங்களுக்காகத்தான் கேக்கறேன்.”

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தபடி உட்கார்ந்தார். எனக்குக் காலர் இல்லாத சட்டை, இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

அடுத்து ஓர் அம்மா எழுந்தார். “இவருக்கு டயாலிசிஸ்மா. வாரத்துக்கு மூணு தடவை தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். போயிட்டு வரும்போதே ஆட்டோவுல சாஞ்சிடுவாரு. பாலத்தை மூடிட்டா, சுத்திப் போக இவரு உடம்பு தாங்குமா?”

பக்கத்தில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. சுமதி மைக்கை இறக்கிவிட்டு வரைபடத்தைப் பார்த்தாள்.

“இதை நான் யோசிக்கலைங்கம்மா” என்றாள். “கொஞ்சம் நேரம் குடுங்க.”

எல்லோரும் காபி குடிக்க எழுந்தபோது, அவளும் அன்வரும் வரைபடத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தார்கள். காபி ஆறிப்போனது. பிறகு எழுந்து வந்து சொன்னாள்: பாலத்தின் அகலத்தில் ஒரு பாதியில் வேலை, மறு பாதியில் டூவீலரும் ஆம்புலன்சும் நோயாளி இருக்கிற ஆட்டோவும் போகலாம். தளத்தைத் தூக்கும் சில மணி நேரம் மட்டும் முழுக்க மூடுவோம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். “ஆனா ஒரு கோடையில முடியாது. ரெண்டு கோடை ஆகும். பொறுத்துக்குவீங்களா?”

“பொறுத்துக்கறோம், பேஷா பண்ணுங்கோ” என்று முதலில் சொன்னவர் அந்த மாமாதான். அந்த அம்மா வெளியே என்னைத் தேடி வந்து, “உங்க பொண்ணாங்க? நல்லா இருக்கட்டும்” என்றார். மாமா என் கையில் ஒரு தொன்னை புளியோதரையை வைத்தார். ஒரு மாவு மில்காரனுக்கு ஒரே நாளில் இவ்வளவு கிடைத்தது அதிகம். அந்த ஊருக்கு என் நன்றி.

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் ஆற்று மணலில் இறங்குவதென்றால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் செருப்போடும் நிற்க முடியாது. சத்திரத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு, ஆட்டோ தேவையில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் அதிகம், நான் கோபுரத்தை மட்டும் கும்பிட்டுத் திரும்பினேன். பாலத்தில் வேலை தொடங்கிய பிறகு போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். தடுத்து நிறுத்துகிற ஆளிடம் சண்டை போடாதீர்கள்.

கூட்டம் கலைவதற்குமுன் மைக் என் கைக்கும் வந்தது. “சார், நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றார் அன்வர். மேடையிலிருந்து சுமதி என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு களைப்பு, அப்படி ஒரு சந்தோஷம். “ஒண்ணுமில்லப்பா” என்று மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கோடையும் தளத்தைத் தூக்கும்போதெல்லாம் அடியில் நிற்கப்போவது என் பிள்ளை, அவளுக்குப் பதிலாக வேறு யாரையாவது நிறுத்தக் கூடாதா என்று நான் கேட்கவில்லை.