கோமளா அக்கா பத்திரமாக வைக்கச் சொன்ன படங்கள்

கோமளா அக்கா போய்விட்டார்.

முந்தாநாள் காலை, விழுப்புரத்தில். ஸ்டேஷனுக்குக் கிளம்பி வீட்டு வாசலில் செருப்பு மாட்டியவர், நெஞ்சு அடைக்கிறது என்று அப்படியே உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள்... முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டிவனத்தில் நான் ரிசப்ஷனில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவர்தான் டெக்னீஷியன். ஏழு வருடம் காலை பாசஞ்சரில் ஒன்றாகப் போனோம். போன வருடம் வரை ஒரு நாள்கூட எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுத் தந்ததில்லை, படம் எடுக்க வேண்டுமாம்.

படம் என்றால் மயில், சூரிய உதயம் எல்லாம் இல்லை. மனிதர்களும் இல்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற எதையாவது எடுப்பார்.

கெடார் பக்கம் காய்ந்த ஏரியின் வெடிப்பு. காயப்போட்ட மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், காலால் இழுத்துவிட்ட கோடுகள். சேற்றில் பஸ் டயர் தடம். துணியில் வேகவைத்த இட்லியின் அடிப்பக்கம். எங்கள் லேப் ட்யூப் ஸ்டாண்டை மேலிருந்து பார்த்தால் தெரிகிற சிவப்பு, ஊதா மூடிகள்...

"இதுல இன்னாக்கா இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணும் இல்லடி. கண்ணுக்கு ஜில்லுனு இருக்குதா இல்லியா, அவ்ளோதான்."

ஒருமுறை திண்டிவனம் பிளாட்பாரத்தில் சிமென்ட் விரிசலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். பூ விற்கும் அம்மா ஓடிவந்து, "இன்னாம்மா தொலைச்சிட்ட? தோடா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கூச்சம். "ஆமாங்க, தோடு" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், நாலு பேர் சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். காதில் இரண்டு தோடும் ஜம்மென்று இருக்க, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அக்காவும் கூடவே தேடினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, லேபுக்கு இருவரும் லேட்.

அவர் போன் பழசு. நூறு படம் சேர்ந்தால் ஹேங் ஆகிவிடும். அதனால் எடுத்ததை எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் பார்த்துவிட்டதாக ப்ளூ டிக் வந்ததும் தன் போனில் அழித்துவிடுவார்.

"உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்டி" என்பார்.

ப்ளூ டிக் வருவதற்கு ஒருமுறை திறந்தால் போதும்... பார்க்க வேண்டும் என்று அவசியமில்லை. பெரும்பாலும் நான் பார்க்கவில்லை. "சூப்பர்க்கா" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

போன வருடம் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. வீடியோ எடுக்கும்போது ஸ்டோரேஜ் ஃபுல் என்றது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், குழந்தை வீறிடுகிறது, "ஜல்தி எடுடி" என்று அண்ணன் கத்துகிறான். யாருடைய சாட் அதிக இடம் அடைத்திருக்கிறது என்று பார்த்தேன். முதல் பெயர் கோமளா அக்கா.

அத்தனையையும் அழித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதுதான் உண்மை.

இரண்டு வாரம் கழித்து அக்கா சந்தோஷமாக வந்தார். லேபில் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் வெறும் சுவர் ஒன்று இருக்கிறது. அங்கே அவர் படங்களைப் பெரிதாக பிரிண்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஊசின்னா பயந்துக்கினு உக்காந்திருப்பாங்க இல்ல... அதுங்கள பாத்துக்கினு இருக்கட்டும். ஒரு இருபது எடுத்துக் குடுடி. இரும்பை ஊரு கோயில் தரையில மழைத்தண்ணி காஞ்சி வளையம் வளையமா நின்னுது பாரு, அது கண்டிப்பா வேணும்."

"வீட்ல கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கேன்கா, தேடித் தர்றேன்" என்றேன்.

வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரு சாக்கு. அதன் பிறகு கேட்கவில்லை. எனக்குப் படம் அனுப்புவதும் நின்றுபோனது. ரயிலில் பேச்சு, சிரிப்பு எல்லாம் பழையபடிதான். ஆனால் ஜன்னல் சீட்டில் என்னை உட்காரச் சொல்ல ஆரம்பித்தார்.

தெரிந்திருக்குமோ... கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்தச் சுவரில் இப்போது சர்க்கரை நோய் பற்றிய சார்ட் ஒன்று தொங்குகிறது.

நேற்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அக்காவின் கணவர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"அவ எடுத்த படமெல்லாம் உன்கிட்டதான் பத்திரமா இருக்குன்னு சொல்லிக்கினே இருப்பாம்மா. காரியத்தன்னிக்கு நாலு படம் பிரிண்ட் போட்டு வைக்கலாம்னு பாக்கறேன். எனக்குன்னு வேற இன்னா இருக்கு... அனுப்பறியா?"

"இருக்குண்ணா, அனுப்பறேன்" என்றேன். திரும்பவும் அதே பொய், பிணம் எடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சாட்டைத் திறந்தேன். படங்கள் போய்விட்டன, எழுதியவை மட்டும் மிச்சம். "இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்று அக்கா. "சூப்பர்க்கா" என்று நான். மறுபடி அக்கா, மறுபடி நான். ஆறு வருடத்துக்கு இப்படியே போகிறது.

அண்ணா, என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அக்கா கேட்டபோதே இல்லை. நாளைக் காலை நேரில் வந்து சொல்வேன். எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதிவிட்டால் பாதி வழியில் திரும்பி ஓட முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா, அழித்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பீர்கள். மறுநாள் காலையிலேயே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்திருப்பீர்கள். முழுசாக ஒரு வருடம் இருந்ததே அக்கா...

போய் வாருங்கள்.