மடிப்பு விழாத பின் சீட்

லிப்டுக்காரருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோகும் லிப்டுகளைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருவதுதான் முப்பது வருஷமாக அவர் பிழைப்பு. "ஒண்ணும் ஆகாது, ரெண்டே நிமிஷம்" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொன்னால், உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கூட மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட நிதானமான மனிதர், போன சனிக்கிழமை காலை, வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார்.

சின்ன வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதோ ஆசை என்று விட்டுவிடலாம். இது வேகத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட் டூரிங் வண்டி. எடை இருநூற்று எண்பது கிலோ. இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி, அதை ஏற்றி இறக்க ஒரு பொத்தான். பத்து வருஷம் பழசு. ஓட்டியவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆயில் மாற்றிய தேதியையெல்லாம் நோயாளியின் சீட்டு மாதிரி ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

டாக்டர் என்ஜினைக் காட்டினார், பிரேக்கைக் காட்டினார், செயின் கிடையாது, தண்டு வழியாகத்தான் சக்கரம் சுற்றுகிறது என்று பெருமையாகச் சொன்னார். லிப்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பின் சீட் எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தார். முன் சீட் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்துப் போயிருந்தது. பின் சீட்டில் ஒரு மடிப்பு இல்லை. பின்னால் கால் வைக்கிற கட்டையின் ரப்பரில், அச்சிலிருந்து வந்தபோது இருந்த சின்னச் சின்ன முளைகள்கூட அப்படியே நின்றன. பத்து வருஷமாக ஒரு கால் அதில் படவில்லை.

"அங்க யாரும் உட்காரலைங்க. வாங்கறப்போ, ஒருத்தங்க உட்காருவாங்கன்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். பிறகு ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாக இருந்த டேங்கை இன்னொரு தரம் துடைத்தார்.

லிப்டுக்காரருக்கு மனசு கனத்துப்போயிற்று. டாக்டருக்காக மட்டும் இல்லை, தன் கதையும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயம்தான். அவர் இந்த வண்டியை வாங்கியதே அந்தப் பின் சீட்டுக்காக. மனைவி ஏறி உட்கார வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரமே விற்றுவிடுவது, தனியாக ஊர் சுற்றுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் சாவியை வாங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, வண்டி என்றால் அது வண்டி! நகர்த்தும்போதுதான் பாறை, உருள ஆரம்பித்ததும் எடை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை ஏற்றினால் ஜன்னலைச் சாத்திய மாதிரி காற்றின் இரைச்சல் அடங்கியது. இறக்கினால் நெஞ்சில் வந்து மோதியது. சின்னப் பிள்ளை மாதிரி ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஆறாவது கியரில் போய்க்கொண்டே ஏழாவதைத் தேடினார். அதட்டாமல் ஓடுகிற என்ஜின். ஆனால் மணிக்கட்டு வலித்தது, முழங்காலில் சூடு அடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாதி வழியில் கைப்பிடி இரண்டும் கொதிக்க ஆரம்பித்தன. என்ஜின் எரிகிறது, பல் டாக்டர் நம் தலையில் நன்றாகக் கட்டிவிட்டார் என்று ஓரங்கட்டி, இறங்கி, புகை வருகிறதா என்று மோந்தெல்லாம் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது. குளிர்காலத்தில் கையைச் சூடாக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஹாரன் என்று நினைத்து, கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுவிட்டிருக்கிறார் மனிதர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றதும் தனியாகச் சிரித்தார்.

அப்படிச் சிரித்ததில்தான் எருமை ஞாபகம் வந்தது. அது அவர்களுடைய பழைய வண்டி. ஸ்டார்ட் ஆகாமல் நடுரோட்டில் அசையாமல் நிற்கும் என்பதால் மனைவி வைத்த பெயர். கல்யாணமான புதிதில், லீவு கிடைத்தால் போதும், இரண்டு பேரும் எருமை மேல் ஏறிவிடுவார்கள். காற்றில் பேசினால் காதில் விழாது என்று மனைவி ஒரு தட்டு முறை வைத்திருந்தார். வலது தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தட்டு என்றால் டீ. இடது தோளில் தட்டினால் இடது பக்கம் பார்க்க ஏதோ இருக்கிறது. ஒரு தடவை தட்டிய தட்டில் திரும்பிப் பார்த்தால், வயல் நடுவே ஒரு நாற்காலி தனியாகக் கிடந்தது. "இதுக்கா தட்டினே?" என்று கேட்டதற்கு, "அது என்ன பாவம் பண்ணுச்சு, ஒரு தரம் பார்த்துட்டுப் போங்களேன்" என்று பதில். என்ன நாட்கள் அவை! இடுப்பும் வலித்ததில்லை, நேரமும் பார்த்ததில்லை.

மகள் பிறந்த ஒன்பதாம் மாதம், குழந்தையை மனைவியின் அக்காவிடம் விட்டுவிட்டு ஒரு நாள் இரண்டு பேருமாகப் போனார்கள். அன்று வழி முழுக்க வலது தோளில் தட்டுதான். மெதுவாக, மெதுவாக, இன்னும் மெதுவாக. பிள்ளை பெற்றவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று லிப்டுக்காரர் தானாகவே புரிந்துகொண்டார். அடுத்த வாரம் எருமையை விற்றுவிட்டார். மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இருபத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. டிவியில் மோட்டார் சைக்கிள் வந்தால் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவார். பார்த்தாயா, இன்னும் பயம் போகவில்லை என்று இவர் நினைத்துக்கொள்வார்.

மனைவி நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். குளத்தின் அந்தக் கரையில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்படி பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல். அன்று மாடி பால்கனியில் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

லிப்டுக்காரர் தெருமுனையிலேயே முதுகை நிமிர்த்திக்கொண்டார். வீட்டு வாசலில் ஸ்டைலாக வளைத்து நிறுத்த வேண்டும் என்று ஆசை. வாசல் சரிவு, சரிவில் கொஞ்சம் மணல். நின்ற பிறகு காலை ஊன்றினார், கால் வழுக்கிற்று. இருநூற்று எண்பது கிலோவும் கொட்டாவி விடுகிற வேகத்தில், மெள்ள, மரியாதையாக, வலது பக்கம் படுத்துக்கொண்டது. அவர் நின்றபடியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து குனிந்தார். மூஞ்சியில் ஈயாடவில்லை.

"அடிபட்டுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இல்ல."

"தூக்காதீங்க! அப்படியே விடுங்க, வரேன்!"

டீச்சர் கையில் ஒரு துணிக் கிளிப்போடு இறங்கி வந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார், வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "இன்ஜினை அணைச்சீங்களா? கியர்ல போடுங்க. முதல்ல அந்த ஸ்டாண்டைத் தட்டி வெளிய விடுங்க, இல்லேன்னா நிமிர்த்தற வேகத்துல அந்தப் பக்கம் சாய்ஞ்சிடும். எருமை கிட்ட எத்தனை தரம் பட்டிருக்கோம், மறந்துட்டீங்களா?"

அவர் மறந்துதான் போயிருந்தார். டீச்சர் மறக்கவில்லை. சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, பின் கம்பியைப் பிடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். "நீங்க கைப்பிடியைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, ம்!" இரண்டு பேரும் பின்னாலேயே நடந்து தள்ள, வண்டி எழுந்து ஸ்டாண்டில் நின்றது.

"யாரு வண்டி இது?"

"நம்மளுது" என்று அசடு வழிந்தார்.

"ஓகோ! எருமையை வித்தப்பவும் சொல்லலை, இதை வாங்கினப்பவும் சொல்லலை. வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?"

"உனக்குப் பயம்னுதான்..."

"எனக்கா? என்ன பயம்?"

"கடைசியா போனப்போ, வழி பூரா தோள்ல தட்டிக்கிட்டே வந்தியே. மெதுவா, மெதுவான்னு. அதான் வித்தேன். உனக்காகத்தான் வித்தேன்."

டீச்சர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். தெருவே கேட்கிற அந்தக் குரல் சட்டென்று இறங்கிப்போயிற்று.

"ஒன்பது மாசம் கழிச்சு ஒரே ஒரு நாள் கிடைச்சுது. நீங்க பாட்டுக்குப் பறந்தா மத்தியானமே வீடு வந்துடும். அந்த நாள் முடிஞ்சிடக் கூடாதுன்னு தட்டினேங்க. மெதுவா போங்கன்னா வித்துடுங்கன்னு அர்த்தமா?"

லிப்டுக்காரர் வாசல் மணலைக் காலால் தள்ளினார். எத்தனை பேரை லிப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார்! இந்த ஒரு கதவை இருபத்து நாலு வருஷமாகத் தட்டிப் பார்க்கவில்லையே!

"நீயாவது ஏன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். உங்களுக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். வண்டி சலிச்சுதா, நான் சலிச்சேனான்னு வாய்விட்டுக் கேட்க ரோஷமா இருந்தது. அப்புறம் கேட்க நேரமே வரலை."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று லிப்டுக்காரர் பெட்டியில் விழுந்த கீறலை விரலால் தடவிக்கொண்டு நின்றார். டாக்டர் டேங்கைத் துடைத்தது ஞாபகம் வந்தது.

ஐந்து நிமிஷத்தில் டீச்சர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கையில் எருமை காலத்து ஹெல்மெட். இத்தனை வருஷமாக அது பால்கனியில் துணிக் கிளிப் போடுகிற கூடையாக இருந்தது. இவர் தினமும் பார்த்ததுதான். தூக்கி எறியாமல் ஏன் வைத்திருக்கிறாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அது வேணாம்மா, உள்ள பஞ்செல்லாம் பொடியாப் போயிருக்கும்" என்று பெட்டியைத் திறந்து ஒரு புது ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

டீச்சர் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "அளவு எப்படித் தெரியும்?"

"கிளிப்பையெல்லாம் கொட்டிட்டு, பழசுக்குள்ள லேபிளைப் பார்த்தேன்."

"அடப்பாவி மனுஷா! போன வாரம் பால்கனி பூரா கிளிப் சிதறிக் கிடந்தது, நான் காக்காவையில்ல திட்டினேன்!"

தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டையில் காலை வைத்து, ஏறி உட்கார்ந்தார். வண்டி பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது. ஆள் ஏறியிருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், லிப்டுக்காரருக்குக் கண் கலங்கிப்போயிற்று. நல்ல வேளை, முகம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது கியர், நான்காவது கியர். கண்ணாடியை ஏற்றினார். ஆசை யாரை விட்டது, கொஞ்சம் முறுக்கினார்.

வலது தோளில் ஒரு தட்டு.

குறைத்தார். இன்னொரு தட்டு. இன்னும் குறைத்தார். கூடை கட்டிய சைக்கிளில் ஒரு அம்மா அவர்களைத் தாண்டிப் போகும்போது, இவ்வளவு பெரிய வண்டியை இப்படி உருட்டுகிறார்களே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். லிப்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போனால் வீட்டுக்குத் திரும்புகிற வழி, வலது பக்கம் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு வருகிற வழி. வலது பக்கம் திருப்பினார்.