கிணற்றுப் படத்தின் நான்கு நிமிஷம்

சினிமாவைப் பற்றி நான் போட்ட சண்டைகளில் முழுதாக ஜெயித்தது ஒன்றே ஒன்றுதான். ஜெயித்த விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால் இத்தனை வருஷம் எழுதவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் பூனாவில் பட்டாளத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வீடு பூனாவை ஒட்டிய கட்கியில். எங்கள் லைனில் பதினான்கு வீடுகள். பாதிக்கு மேல் எங்களைப் போல வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழாய் எல்லோருக்கும் பொது.

சினிமாவுக்கு நாங்கள் மூன்று பேர். நான்; என் அலுவலகத்திலேயே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த திருநெல்வேலிக்காரர்; பூனா கேம்ப் கடைத்தெருவில் தோல்பெட்டிக் கடை வைத்திருந்த ஆம்பூர் பாய். ஞாயிற்றுக்கிழமை மேட்டினி பார்த்துவிட்டு இரானி டீக்கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டோம். ஊரெல்லாம் பாட்டுப் படங்களைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் பேசியது பம்பாயில் பேய்ப் படம் மட்டுமே எடுத்த ஒரு டைரக்டரைப் பற்றி. ஜனங்கள் அவரை பூத்வாலா, பேய்க்காரர், என்பார்கள். மொத்தம் ஒன்பது படம் எடுத்தார். பெரிய நடிகர் யாரும் கிடையாது. நல்ல தியேட்டர்கள் அவற்றைத் தொடாது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைக்கு வரும், ஒரு வாரம் ஓடும், போய்விடும். நாங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தோம். இந்திப் பெயர்கள் வாயில் தங்காததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கடிகாரப் படம், ரயில்வே கேட் படம், கிணற்றுப் படம், இப்படி.

எது சிறந்த படம் என்ற சண்டை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மூவருமே கடிகாரப் படத்தை மேலே வைத்தோம். எந்தப் படத்துக்கு உரிய மரியாதை கிடைக்காமல் போனது என்பதுதான் வருஷக்கணக்கில் இழுத்தது.

என் கட்சி ரயில்வே கேட் படம். செத்துப்போன கேட்காரன் ராத்திரியில் வந்து கேட்டைத் திறந்துவிடுகிறான். பேயைக் கடைசிவரை காட்டவே மாட்டார். அரிக்கேன் விளக்கு மட்டும் தானாக நகரும். டிராஃப்ட்ஸ்மேன் கட்சி கிணற்றுப் படம். பூனாவில் அது நான்கே நாள் ஓடியது. மாமியார் கிணற்றில் தள்ளிக் கொன்ற மருமகள் மேலே ஏறி வந்து வீட்டை நோக்கி நடக்கிறாள். கிணற்றடியிலிருந்து நிலைப்படி வரை ஒரே ஷாட். இசை கிடையாது. காமிரா அசையாது. பாய் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னார், நான்கு நிமிஷம்.

"மத்த படத்துல எல்லாம் பேய் பாயும். இவ பாயல. செத்தவளுக்கு என்ன அவசரம்? வந்து சேர்ந்திருவான்னு தெரியும், எப்ப வருவான்னு தெரியாது. அதுதான் பயம்" என்பார் டிராஃப்ட்ஸ்மேன்.

அந்த நடை எனக்குச் சிரிப்பைத் தந்தது. அந்தப் பெண் இடது காலைச் சரியாக ஊன்றவில்லை. பாதத்தை உள்பக்கம் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். கூலி மிச்சம் பிடிக்க டைரக்டர் ஒரு நொண்டியைக் கூட்டிவந்துவிட்டார் என்று நான் சொல்வேன். சொன்னால் போதாதென்று எழுந்து மேஜைகளுக்கு நடுவே அப்படியே நடந்தும் காட்டுவேன். எனக்கு அது நன்றாக வரும். பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். பாய்க்கு டீ புரையேறும். டிராஃப்ட்ஸ்மேன் மட்டும் சிரிக்க மாட்டார். நான் உட்காரும் வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார். பதில் இல்லாததால்தான் கோபப்படாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

அணை உடைந்து ஆறு ஊருக்குள் வந்தபோது ஆற்றங்கரைப் பேட்டையிலிருந்த அவருடைய வாடகை வீடு இடிந்தது. புருஷன் பெண்சாதி இருவரும் உடுத்திய துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். எங்கள் லைனில் காலியாக இருந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அதுவரை அவர் மனைவியை நாங்கள் பார்த்ததில்லை. சொந்தத்தில் கட்டியது, தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்று மட்டும் சொல்லியிருந்தார். குழந்தை இல்லை. வந்த மாதத்திலேயே என் மகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். என் மனைவிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் தலைக்குக் குளித்து, ஈர முடியைப் பின்னால் தொங்கவிட்டு, குழாயடியிலிருந்து பக்கெட்டோடு நடந்து வந்தாள். வழக்கமாகப் புடவையைத் தழையக் கட்டுவாள். அன்று ஈரத்துக்காகத் தூக்கிச் செருகியிருந்தாள். இடது பாதம் உள்பக்கம் திரும்பி மண்ணில் இழுபட்டது.

அந்த நடையை நான் அவளைவிட அதிகம் நடந்திருப்பேன். கிணற்றுப் படத்தில் நடந்தவள் இவள்தான் என்பதில் சந்தேகமே வரவில்லை.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இந்த மனிதர் மூன்று வருஷமாகப் பேசியது ரசனையே இல்லை, வீட்டுப் பாசம்! கையில் துருப்புச்சீட்டு வந்த மாதிரி இருந்தது. அதை உடனே இறக்கவும் மனமில்லை. இரண்டு மாதம் வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கிணற்றுப் படம் மறுபடி வந்தது. மூவரும் பார்த்தோம். அன்று இரானி கடையில் டிராஃப்ட்ஸ்மேன் என்றும் பேசாத மாதிரி பேசினார். நிலைப்படிக்குப் பத்தடி இருக்கும்போது நாமே அவளை உள்ளே வரச் சொல்லிவிடுவோம் போலிருக்கிறது, பயமுறுத்துகிறவள்மேல் இரக்கம் வர வைத்த வேறு படம் உண்டா என்று கேட்டார். பாய் தாடியைத் தடவிக்கொண்டே, தனக்கும் இன்றைக்குத்தான் புரிகிறது, கிணற்றுப் படத்தின் பக்கம் தான் வந்துவிட்டதாகச் சொன்னார்.

நான் தோற்கப் போகிறேன் என்று தெரிந்தது. பக்கத்து மேஜையில் எங்கள் லைன்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்ததும் தெரியும்.

"சம்சாரம் நடிச்ச படத்தை வேற எப்படிச் சொல்வாரு பாய்?" என்றேன்.

டிராஃப்ட்ஸ்மேன் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா பாய். அவதான்" என்று பாயிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

எப்போதும் என்னை நீங்கள் என்று பேசுகிற பாய், "இத்தினி நாளா அந்த மனுசன் எதிர்லயா நொண்டிக் காட்டினே?" என்றார். அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரிந்த பிறகும் இரண்டு ஞாயிறு நடந்து காட்டியிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

பக்கத்து மேஜை எனக்கு முன்னால் லைனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சினிமாக்காரி என்பது ஒரு பேச்சு, செத்த பிணமாக வேஷம் கட்டினவள் என்பது இன்னொரு பேச்சு. என் மனைவி முதலில் நம்பவில்லை. நான்தான் நம்பவைத்தேன். மறுநாளே மகளைத் தையலுக்கு அனுப்புவதை நிறுத்தினாள். அவள் அனுப்பிய தீபாவளிப் பலகாரத் தட்டு மூடிய துணி கலையாமல் திரும்பிப் போயிற்று. கடைசி வீட்டில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்; பிண வேஷம் கட்டினவள் அவள் கண்ணில் படக் கூடாதென்று பயந்தார்கள். எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் டிராஃப்ட்ஸ்மேன் மனைவி தண்ணீருக்கு வர வேண்டும் என்று ஐந்தாறு பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். அதைப் போய்ச் சொன்னது என் மனைவி. அவள் சரி என்றாளாம். அன்றிலிருந்து குழாய் நிற்கப்போகும் நேரத்தில் வந்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவாள்.

பிள்ளைகள் அவள் பின்னால் காலை இழுத்து நடக்கப் பழகினார்கள். ஒரு சாயங்காலம் என் மகள் எங்கள் வாசலிலேயே நடந்தாள். வலது காலை இழுத்தாள். நான் வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"இடது கால்" என்று திருத்தினேன்.

எதிர்வீட்டு வாசலில் டிராஃப்ட்ஸ்மேன் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும் என்று தெரியும்.

மறுநாள் காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். யாரும் உள்ளே கூப்பிடாததால் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, பிள்ளைங்க விளையாடுறது பரவாயில்ல. நீங்க திருத்திச் சொன்னீங்களே, அதான் வந்தேன். அந்த நடை தப்புன்னு நீங்க ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கீங்களாம். அது தப்புதான்."

பிறகு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அவளுடைய அப்பா ஸ்டூடியோவில் தச்சர். அவளுக்குப் பதினேழு வயது. வர வேண்டிய எக்ஸ்ட்ரா பெண் வராததால் முடி நீளமாக இருந்த இவளை நிறுத்தினார்கள். கிணறு பலகையில் செய்தது. விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தபோது துருப்பிடித்த ஆணி ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. நிறுத்தச் சொல்வார் என்று டைரக்டரைப் பார்த்தாளாம். அவர் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று, வா வா என்று கையைக் காட்டினார். முடிந்ததும் ஓடிவந்தார். காலைப் பார்க்கவில்லை. இதே மாதிரி இன்னொரு முறை நடக்க முடியுமா என்று கேட்டார். பிறகு பத்து நாள் ஆஸ்பத்திரி. பாதம் அப்படியே நின்றுவிட்டது.

அவள் சொல்லி முடித்தபோது நான் வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்குத் தெரியாததல்ல.

"எத்தனை டேக் எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"மூணு."

"படத்துல இருக்கிறது எது?"

"மூணாவது. மொத ரெண்டுல நான் அழுதுட்டேன். பேய் அழக்கூடாதுன்னு வேண்டாம்னுட்டார்."

இன்னும் எதற்கோ நின்றாள். நான் அந்த நேரத்தில் வேறு கணக்கில் இருந்தேன். இழுத்த கால் குறையல்ல, பூத்வாலா அதைப் பார்த்து, பிடித்துப்போய், வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அப்படியானால் கிணற்றுப் படத்தைப் பற்றிய என் மதிப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் போனது கூடக் கவனத்தில் இல்லை.

அந்த ஞாயிறு, கிடைத்த செய்தியை எடுத்துக்கொண்டு பாயின் கடைக்கு ஓடினேன். மூன்றாவது டேக் என்று நான் தொடங்கியதும் பாய் கணக்குப் புத்தகத்தை மூடினார். கடைக்கு வருவதென்றால் பெட்டி வாங்க வரலாம், இந்தப் பேச்சு இனி வேண்டாம் என்றார். அதன்பின் இரானி கடைக்கும் அவர் வரவில்லை.

அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் என்னிடம் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். தைக்குள் தானே எழுதிக் கேட்டு ஜபல்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கட்கி ஸ்டேஷனுக்கு நான் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. லைனிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பெட்டிகளில் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்றேன், பிடிக்க விட்டார்.

ஜபல்பூருக்குப் பம்பாய் போய் மாற வேண்டும்; அந்த வண்டிக்குக் கால்மணி நேரம் இருந்தது. அவர் மனைவி டிரங்குப் பெட்டியின்மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சை அவரே எடுத்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்லுததுதான் சரி. ரயில்வே கேட் படம்தான். கிணத்துப் படம் அவ்வளவு ஒண்ணும் நல்ல படம் இல்ல."

அதைச் சொல்லும்போது குரலில் குத்தலோ வருத்தமோ இல்லை. அதே பிளாட்பாரத்தில் யாராவது மணி கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தைக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். நான் காரணங்களை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். பேயைக் காட்டாமல் விட்டது, விளக்கின் வெளிச்சம், கேட்காரன் மனைவியின் கடைசிக் காட்சி. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி வந்தது. மனைவியின் கையைப் பிடித்து மெல்ல ஏற்றிவிட்டு, பெட்டிகளை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டார். எனக்கு இன்னும் இரண்டு காரணம் பாக்கி இருந்தது. ஜன்னலோரம் ஓடிப்போய் அதையும் சொன்னேன்.