ஆடாத வீட்டில் ஒரு கப்பல் கூடு

மகள் படிக்கப் போனபோது தன் இரண்டு கினிப்பன்றிகளையும் என் பொறுப்பில் விட்டுப்போனாள். நான் வாங்கிய கூட்டின் கம்பித் தரையில் அவற்றின் பாதங்கள் புண்ணாகி, ஒன்று சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது. அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் எனக்கு, அழுவதா கூட்டை மாற்றுவதா என்று தெரியவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர், அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று நான் கூப்பிடுபவர், கப்பல்களில் தச்சுவேலை செய்தவர். வெள்ளைத் தாடி, அகலத் தோள். எங்கள் வாசல் எவ்வளவு உயரமாயிருந்தாலும் தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே வருவார்.

கினிப்பன்றிகளின் நிலையைப் பார்த்துவிட்டு, எங்கள் கூடத்து மூலையில் நீளமான கூடு ஒன்று செய்தார். பலகைத் தரை, அதன்மேல் தடித்த கம்பளித் துணி, ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி. அதோடு விட்டாரா? தண்ணீர்ப் பாத்திரம் நகராதபடி சுற்றிச் சட்டம் அடித்தார். பெட்டிகளையும் திருகாணி போட்டுத் தரையோடு முடுக்கினார்.

“நானா, இது வீடு. ஆடாது,” என்றேன்.

“ஆடாதெண்டு ஆரு சொன்ன, தம்பி?” என்றார், நிமிராமலே. “கதையை விட்டுட்டு அந்தத் துணியை இழுத்துப் பிடியுங்க.”

சில நாட்களில், பட்டினி கிடந்த கினிப்பன்றி புல்லைக் கொறிக்கத் தொடங்கியது. மெத்தென்ற தரைதான் காரணம் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். ஓம், அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் கூடு செய்த அன்று முதல் என் தேத்தண்ணிக் கோப்பையை மேசை விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளித்தான் வைக்கிறேன்.