புகையிலைப் பூவைக் கிள்ளியவள்

செடி விற்கிற இடத்தில் வேலை செய்ய, செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரியாமல் இருப்பதே நல்லது. தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, பிறகு இன்னொருவரின் செடிக்குத் தண்ணீர் ஊற்றிச் சம்பளம் வாங்குகிற என் போன்றவர்களே, உங்களுக்கு இது விளங்கும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில் நான் சேர்ந்தபோது வயது ஐம்பத்தொன்று. முன்பு வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இங்கே ஆறு மாதம் சோதனைக்காலம். அதைத் தாண்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்?

முதல் கிழமை

கண்ணாடிக் கூடாரத்தில் ஒரு வரிசை புகையிலைக் கன்றுகளைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே புகையிலை விற்ற காசில்தான். பூ வந்தால் இலை மெலிந்துவிடும். மொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இங்கே எல்லாம் மொட்டோடு நின்றன. பாவம், இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, காலைத் தேநீருக்கு முன்பே நூற்றிருபது கன்றின் நுனியையும் கிள்ளிக் கூடையில் போட்டேன்.

அது பூவுக்காகவே வளர்க்கிற புகையிலையாம். முதலாளியம்மா கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒன்றைக்கூட விடவில்லை. வேலை சுத்தம்" என்றார்.

தக்காளிக் கன்று

ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், சனம் தக்காளிக் கன்று வாங்க வந்துவிடும். ஆனால் மே நடுப்பகுதி வரை உறைபனி வந்து கன்றைக் கருக்கிவிடும். ஆறு கன்றுகளை அணைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், இப்போது நட்டால் செத்துப்போகும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஊரில் சாகப்போகிற நாற்றைத் தெரிந்துகொண்டே கொடுத்தால், அது சாகும்வரை தினமும் வாங்கியவரின் பாத்தியைக் கடந்து போக வேண்டும். அந்த வெட்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. அவர் கன்றுகளைத் திரும்ப வைத்துவிட்டு, "உங்களை இங்கே வைத்திருப்பது விற்பதற்கா, தடுப்பதற்கா?" என்று கேட்டார்.

கையெழுத்துக்கு முதல் நாள்

பண்ணையில் தண்ணீரை இயந்திரமே விடும். எனக்கோ விரலை மண்ணில் விட்டுப் பார்க்காமல் மனம் ஆறாது. ஒரு மாலை ஹோர்டென்சியாப் பூச்செடிகளின் மண் ஈரமாக இருந்தது. வேர் அழுகிவிடும் என்று அந்த வரிசையின் ஸ்விட்சை அணைத்தேன். திரும்பப் போட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் நல்ல வெயில். மத்தியானம் பார்த்தால் வரிசை முழுவதும் தலை தொங்கிக் கிடந்தது. என்னோடு வேலை செய்யும் மன்னார்ச் சூசை அண்ணை ஸ்விட்சை முதலில் கண்டு, சத்தமில்லாமல் போட்டுவிட்டார். முதலாளியம்மா இயந்திரம் பழுது என்று திருத்துகிறவருக்குப் போன் செய்ய அலுவலகத்துக்குப் போனார்.

"பேசாமல் இரும் தங்கச்சி. நாளைக்கு உமக்கு நிரந்தரத்துக்குக் கையெழுத்து. மெஷின் ஒண்டும் சொல்லாது" என்றார் அண்ணை.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஒருமுறை அம்மா பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டும்போது கண்ணயர்ந்துவிட்டார். வாய்க்கால் உடைந்து, கிளறி அறுவடை செய்யவிருந்த பக்கத்துத் தோட்டத்து வெங்காயம் முழுவதும் தண்ணீரில் நின்றது. எலி உடைத்தது என்று சொல்லியிருக்கலாம். அம்மா சேற்றுக் காலோடு அவர்கள் வீட்டுக்குப் போய், "நான்தான் பாக்காமல் விட்டிட்டன்" என்றார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அம்மா எனக்கு அதைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை. நான் பின்னால் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"ஏலாது அண்ணை. நாளைக்கும் முதலாளியம்மாவின்ர முகத்தில முழிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்ததாகச் சொன்னால் பொய். போய்விடுமே என்று பயந்துகொண்டேதான், ஸ்விட்சை அணைத்தது நான் என்று சொன்னேன்.

முதலாளியம்மா போனை வைத்தார். "செடிகள் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். நாளைக் காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட வாருங்கள். ஸ்விட்சை மட்டும் இனித் தொடக்கூடாது."

ஊரில் கற்ற செடி வேலை மூன்று தடவை என் வேலையைத் தின்னப் பார்த்தும், அம்மா சேற்றுக் காலோடு நடந்ததைப் பார்த்துவைத்த புண்ணியத்தில், இன்றும் அதே பண்ணையில் ஸ்விட்சுக்கு ஐந்தடி தள்ளி நின்று வேலை செய்கிறேன்.