அறிவுரை சொல்லாத சூசைநாதன்

சென்ற செவ்வாய்க்கிழமை பகலில், மழை வருவதற்குள் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சூசைநாதன் சாரின் மகள் ரீத்தா பேசினாள். "டீச்சர், அப்பா தவறிட்டாரு. காலையில பசியாறிட்டு நாற்காலில உக்காந்தவரு, அப்படியே..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. காதில் தொலைபேசியை வைத்தபடி நின்றேன். துணிகள் நனைந்தன.

குருண் இடைநிலைப்பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், பிடோங், செமிலிங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து அவரிடம் படித்தவர்களுக்கும் செய்தி எட்டியிருக்கும். உங்களில் பலர் அவரை 'பிம்பிங்கான் சார்' என்றுதான் கூப்பிடுவீர்கள். வழிகாட்டி ஆசிரியருக்கு மலாய் மொழியில் அப்படித்தான் பெயர். எனக்கு அவர் சூசைநாதன் சார். இருவரும் ஒரே ஆண்டில் அந்த இடைநிலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தோம். நான் வரலாறு எடுத்தேன். அவர் வாணிபம் எடுத்தார். எழுபதுகளின் நடுவில் அவர் ஆலோசனைப் பயிற்சிக்காக ஓராண்டு கோலாலம்பூருக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும், முன்பைவிடக் குறைவாகப் பேசும் பழக்கமும் அவரோடு வந்திருந்தன.

விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் கொட்டடிக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். பந்துகளின் ரப்பர் வாடை எப்போதும் அடிக்கும். அங்கே இரண்டு பிரம்பு நாற்காலிகளை நேருக்கு நேராகப் போடாமல் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தார். கோணலாக இருக்கிறதே என்று நான் ஒன்றை நகர்த்தப் போனேன். தடுத்தார். "எதுக்க எதுக்க உக்கார வெச்சா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும் டீச்சர். இப்படிப் போட்டா, என்னப் பாக்கணும்னா பாக்கலாம். வேணாம்னா சன்னலப் பாத்துக்கிட்டே பேசலாம்." அந்த அறையில் எத்தனை பேர் சன்னலைப் பார்த்தே பேசியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கட்டொழுங்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, அந்தப் பொறுப்பையும் இவரே பார்க்கட்டும் என்று தலைமையாசிரியர் ரொத்தான் பிரம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சூசைநாதன் சார் அதைத் தொடவில்லை. காலையில் அடி வாங்கிய பையன் மத்தியானம் தன்னிடம் வந்து மனதைத் திறக்க மாட்டான் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். ஆசிரியர் அறையில் இதைப் பேசிச் சிரித்தோம். நாற்காலியில் சாய்ந்து கதை கேட்பதற்குச் சம்பளமா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இதை இப்போது ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

கேண்டீனில் தேத்தண்ணி குடிக்கும்போது, படித்துவிட்டு வந்த கோட்பாடுகளை அவர் எனக்குச் சொல்லுவார். மனதைப் பற்றி ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள் என்பார். சிலர் சின்ன வயதில் பட்ட காயத்தைத் தேடச் சொல்கிறார்கள். சிலர், பழக்கம் எப்படி வந்ததோ அப்படியே அதை மாற்றலாம் என்கிறார்கள். வேறு சிலர், நடந்ததைவிட அதைப் பற்றி நாம் நமக்குள் சொல்லிக்கொள்வதுதான் நம்மைப் படுத்துகிறது என்கிறார்கள். "எல்லாத்திலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா மூணு விசயம் இல்லன்னா எதுவும் வேலைக்கு ஆகாது. நான் நடிக்கக் கூடாது. வந்தவங்கள அப்படியே ஏத்துக்கணும். அவங்களுக்கு உலகம் எப்படித் தெரியுதோ அப்படிப் பாக்கணும். அவ்வளவுதான் லா."

"இதுக்கா ஒரு வருசம் போனீங்க?" என்றேன்.

"ஒரு வருசம் பத்தல டீச்சர்" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று தனலெட்சுமி விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவளுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். குருணுக்கு வெளியே ஒரு தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஐந்தாம் படிவம், அரசாங்கத் தேர்வு எழுதும் ஆண்டு. நான்தான் வகுப்பாசிரியை. அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில், ரப்பர் பால் வெட்டப் போன அவள் அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. கிளினிக்குக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. விடுமுறை முடிந்து தனம் பள்ளிக்கு வந்தாள். சட்டை சுத்தமாக இருந்தது. தலை படிய வாரியிருந்தாள். ஆனால் சோதனைத் தேர்வில் ஆறு பாடத்துக்கும் வெற்றுத்தாளையே கொடுத்தாள். மேலே பெயர்கூட இல்லை.

அவளை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினேன். அன்பாகத்தான் பேசினேன். "அழுதுகிட்டே இருந்தா போன உசுரு திரும்பி வராதும்மா. நீ நல்லா படிச்சாத்தான் ஒங்க அம்மா ஆத்மா சாந்தியடையும்" என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாள் வகுப்புத் தேர்விலும் வெற்றுத்தாள்தான்.

சூசைநாதன் சாரிடம் போய்ப் புலம்பினேன். நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க இவ்வளவு சொன்னீங்க. அவ என்ன சொன்னா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே அவள் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். பெயரை வெட்டிக் கொடுங்கள், வேலைக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்றார். அலுவலகத்துக்குள் வர மறுத்து வெளியிலேயே நின்றார். சூசைநாதன் சார் போய் அவரோடு படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் தூணருகே நின்றிருந்தேன்.

"எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறா சார்" என்றார் அப்பா. "சோறு ஆக்குறா, துணி தொவைக்கிறா. மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல."

"வீட்டுல அவங்க இல்லாம ஒங்களுக்கு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார் சார்.

இறுகிய முகத்தோடு வந்த மனிதர், துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதார். வெகுநேரம் சார் அவருக்குச் சமாதானம் சொல்லவே இல்லை. பிறகு, "மூணு வாரம் கொடுங்கண்ணே. அதுக்கப்புறம் நீங்களும் அவளும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார். அப்பா சம்மதித்துப் போனார்.

முதல் வாரம் முழுவதும் தனம் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு, பேசாமலேயே எழுந்து போவாளாம். இரண்டாவது வாரத்தில் ஒருநாள், சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். விடுமுறை நாட்களில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய் உதவுவது அவள் வழக்கம். அன்றைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டாள். அம்மா தனியாகப் போனாள். கூடப் போயிருந்தால் ஓடிவந்து ஆளைக் கூப்பிட்டிருப்பாள். புத்தகத்தை எடுத்ததால் அம்மா செத்தாள். அதனால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை. இப்படி ஒரு தீர்ப்பை அந்தப் பெண் தனக்குத் தானே எழுதி வைத்திருந்தாள். அவளிடம்தான் நான், படித்தால் அம்மாவின் ஆத்மா சாந்தியடையும் என்று சொல்லியிருக்கிறேன். அது அவள் நெஞ்சில் எப்படி இறங்கியிருக்கும்!

உன்மேல் தப்பில்லை என்று சார் சொல்லவில்லை. அதை எல்லோரும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அந்தக் காலை நேரத்தை மறுபடியும் சொல்லச் சொன்னார். ஒருமுறை, இருமுறை, மறுநாளும். அப்படிச் சொல்லும்போதுதான் ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. அவள் எழுந்து கிளம்பத்தான் செய்தாள். அம்மாதான் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ படி, நான் போய்க்கிறேன்" என்று சொல்லிப் போனாள். போகிறபோது புத்தகத்துக்குப் பக்கத்தில் கோப்பி கலக்கி வைத்துவிட்டுப் போனாள்.

"அப்ப, அன்னைக்கு முடிவு எடுத்தது யாரு?" என்று கேட்டாராம் சார்.

அவள் சன்னலிலிருந்து திரும்பி, "அம்மா" என்றாள். அப்போதுதான் முதன்முதலாக அழுதாள்.

இதெல்லாம் தனமே பல ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது சார் எதையும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு, பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தவறில்லை, பள்ளிக்குப் பொறுப்பானவர் அவர்தான். "அவள் உயிருக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் உடனே சொல்லிவிடுவேன். அப்படி இல்லை. மற்றது அவளுடையது" என்று சார் பதில் சொன்னார். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. நானும்கூடக் கோபப்பட்டேன். வகுப்பாசிரியை எனக்குமா மறைப்பது என்று கேட்டேன். "ஒங்களுக்கும்தான் டீச்சர்" என்று சிரித்தார்.

பெயரை வெட்ட அப்பா திரும்பி வரவில்லை. தனம் தேர்வு எழுதினாள். பெரிய மதிப்பெண் இல்லை. ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லோரையும் அவரால் கரையேற்ற முடிந்தது என்று நான் எழுதினால் அவருக்கே பிடிக்காது. நான்காம் படிவத்துப் பையன் ஒருவன், எட்டு மாதம் அவரிடம் வந்துகொண்டிருந்தவன், ஒருநாள் வீட்டைவிட்டுப் போனான். பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. சார் அவனைத் தேடிச் சுங்கை லாலாங் வரை எத்தனையோ தடவை போய்வந்தார். "நான் எங்கியோ சரியாக் கேக்கல" என்று மட்டும் சொன்னார். வீட்டிலும் அவர் மகான் இல்லை. அவர் மனைவி பிலோமினா அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார்: "காதெல்லாம் ஸ்கூல்ல வெச்சிட்டு வந்துருவாரு. வீட்ல வெறும் வாய்தான்."

இனி என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நான் தனத்திடம் சொன்னதையே எனக்குச் சொன்னார்கள். அழுது என்ன ஆகப்போகிறது, இன்னொன்று பிறக்கும், வேலையில் மனதைச் செலுத்து. இரண்டு மாதம் கழித்தும் வகுப்பில் பாதியில் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் நானாகவே அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

சார் கதவைத் திறந்துவைத்தபடி நின்றார். உட்காரவில்லை.

"என்னால முடியாது டீச்சர்."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கேக்குற காது, எனக்கு மட்டும் இல்லையா?"

"பாப்பாவத் தூக்கி வெச்சிருந்தவன் நான். ஒங்க வீட்டுல சோறு தின்னவன். நீங்க என்கிட்ட எல்லாத்தையும் சொல்ல மாட்டீங்க. நாளைக்கு என் மூஞ்சியப் பாக்கணுமேன்னு பாதிய முழுங்கிருவீங்க. எனக்கும் ஒங்க துக்கம் எது, என் துக்கம் எதுன்னு பிரிக்கத் தெரியாது. ஆனா வேற ஒருத்தர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போவேன்."

அன்று அவரை வெறுத்தேன். மறுசனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் அவர் கார் நின்றது. ஊர்வாய்க்கு இடம் வைக்கக் கூடாது என்று பிலோமினா அக்காவையும் ஏற்றி வந்திருந்தார். பட்டர்வொர்த்தில் காரை விட்டு, பெரிப் படகில் ஏறிப் பினாங்குக்குப் போனோம். கோலாலம்பூரில் அவருக்குப் பயிற்சி கொடுத்த யூரேசியப் பெண்மணி ஒருவர் அப்போது அங்கே இருந்தார். அவரிடம் நான் ஆங்கிலத்தில் பேசினேன். அழுகை மட்டும் தமிழில்தான் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைத் தடுக்கவும் இல்லை.

அங்கே என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏறக்குறைய ஓராண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். ஒவ்வொரு தடவையும் சூசைநாதன் சார் எதிரே இருந்த கடையில் பத்திரிகை படித்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்பார். அன்றிலிருந்து சாகும்வரை, அந்த அறையில் நான் என்ன பேசினேன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் புதன்கிழமை அவருடைய செமிலிங் வீட்டுக்குப் போனேன். கூட்டம் நிறைய. பிலோமினா அக்கா சுவரோரமாக, கண்ணில் நீரில்லாமல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் குனிந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொடுத்துவைத்த சாவு, படுக்கையில் கிடக்கவில்லை, ஆண்டவர் அழைத்துக்கொண்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். என் வாயிலும் ஒன்று வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, "காலையில என்ன நடந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். "சண்ட போட்டேன் டீச்சர். தோசையில உப்பு ஏறிப்போச்சுன்னு கத்துனாரு. அப்ப நீங்களே சுட்டுத் தின்னுங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அதான் நான் அவர்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு."

அதனால் என்ன அக்கா, அது ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அந்தக் காலையை முழுவதுமாகச் சொன்னார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் முறை நடுவில் நிறுத்தினார்.

"ஆனா நாலு தோசையும் தின்னிருந்தாரு, டீச்சர். தட்டக் கழுவி வேற வெச்சிருந்தாரு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் தோளில் சாய்ந்து பெரிதாக அழுதார். சுற்றியிருந்தவர்கள் அவரை அடக்க வந்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

சூசைநாதன் சாரின் புத்தகப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ரீத்தா. அது பள்ளிக்குப் போகட்டும் என்றேன். ஒருவர் பேசி முடிப்பதற்கும் நான் வாய் திறப்பதற்கும் நடுவில் ஒரு பொறுமை இருக்கிறதே, அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு நான் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அது இன்னும் எனக்குச் சரியாகப் பழகவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.